பச்சை விளக்கை நம்பாத சாதிக் அண்ணன்

அலுவலகக் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். "நம்ம சாதிக் இன்னிக்குக் காலைல மாரடைப்புல தவறிட்டாருங்க." ஒரு நிமிடத்துக்குள் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அடக்கம் எத்தனை மணிக்கு என்று ஒருவரும் போடவில்லை. கேட்டேன்; அதற்கும் இரண்டு கும்பிடும் கைகள். காரமடையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் மாறிக் கோட்டைமேடு போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. போதாததற்கு, அவர் கடைசிவரை சண்டை போட்டுக் காப்பாற்றிய ஒரு சாம்பல் நிற விளக்கைத் நம் ஆப்பிலிருந்து திங்கட்கிழமைக்குள் எடுத்துவிடச் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இது அடக்கமான அஞ்சலியாக இருக்காது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்று மோட்டாரைப் போனிலிருந்தே போட்டு நிறுத்துகிற பெட்டியைச் செய்வது நம் கம்பெனி. அதை ஊர் ஊராகப் போய் மாட்டுகிறவர் சாதிக் அண்ணன். அதற்கு ஆப் எழுதுகிறவள் நான்.

இரங்கல் கூட்டத்தில் மேலாளர், "புதுசுன்னா அவருக்குக் கொஞ்சம் ஆகாதுங்க" என்றார். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். நம்மில் முதலில் ஃபைவ் ஜி போன் வாங்கியது யார்? மேட்டுப்பாளையம் ரோட்டில் டவருக்கு டவர் பைக்கை நிறுத்தி வேகம் பார்த்து, "அம்மணி, பிரியாணி வீடியோ அரை நொடில எறங்கிருச்சு. பிரியாணிதான் இன்னும் வரலை" என்று அனுப்பியவர் அவர். வேகம் அவருக்குப் பிடிக்கும். நெட் வேகமாக ஆக நாமும் பெட்டியை மாற்றிக்கொண்டே வந்தோம். முதலில் மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடியது. பிறகு குறுஞ்செய்தி, பிறகு ஆப், இப்போது கேமராவும். ஒவ்வொரு தடவையும் முந்தைய பெட்டியில் இருந்த ஏதோ ஒரு நல்லதைத் தூக்கி எறிந்தோம். அதுதான் அவருக்குப் பிடிக்காது.

போன கோடையில் வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்துக் குடும்பமே பவானியில் கல்யாணத்துக்குப் போயிருந்தது. இரண்டு நாளும் ஆப்பில் பச்சை விளக்கு, மோட்டார் ஓடுகிறது என்று. உண்மையில் முதல் நாளே மோட்டாரும் நின்றிருந்தது, சிக்னலும் போயிருந்தது. நட்ட தக்காளி நாற்று முழுக்கக் காய்ந்துவிட்டது. தவறு என்னுடையது. புதுச் செய்தி வராவிட்டால் பழையதையே காட்டும்படி எழுதியிருந்தேன். இவ்வளவு வேகமான நெட்டில் செய்தி வராமல் போகுமா என்ற நினைப்பு.

திட்டு வாங்கியது சாதிக் அண்ணன். "ஏனுங்க, உங்க செல்லுல மோட்டார் நல்லாத்தான ஓடுது? அந்தச் செல்லையே கொண்டாந்து நாத்துக்குத் தண்ணி காட்டிப்போடுங்க" என்றாராம் அந்தத் தோட்டத்து அம்மா. திரும்பி வந்தவர் எல்லோர் முன்னாலும் காய்ந்த நாற்று ஒன்றை என் கீபோர்டின் மேல் வைத்தார். "சேதி வரலைன்னா வரலைன்னு சொல்லோணும் அம்மணி. நேத்துச் சொன்னதையே இன்னிக்கும் சொன்னா அதுக்குப் பேரு பொய்." ஒரு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

அந்த வாரத்திலேயே ஒரு மதியம், வீட்டுத் தொட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த கேமராவைப் போனில் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் வந்து நின்ற சாதிக் அண்ணன், "புள்ள அசையவே காணமே?" என்றார். எரிச்சலோடு படத்தைத் தொட்டுப் பார்த்தேன். அது முக்கால் மணி நேரத்துக்கு முந்தைய படம். மாமியாருக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதிக்க, அவர் போனை வீட்டிலேயே விட்டுவிட்டு டாக்டரிடம் தூக்கி ஓடியிருந்தார் என்பது வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. அந்தக் கேமராவின் ஆப்பையும் என்னைப் போல ஒருத்திதான் எழுதியிருப்பாள்.

என்னைப் பைக்கில் ஏற்றிக் காரமடைக்குக் கூட்டிப்போனவர் வழியில் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. நான்தான் அழுதுகொண்டே, "மாத்திடறேனுங்கண்ணா" என்றேன். "மொதல்ல புள்ளயப் பாருங்க. ஆப்பு எங்கயும் ஓடிப்போகாது" என்றார்.

மகள் தேறியதும் மாற்றினேன். ஐந்து நிமிடம் செய்தி வராவிட்டால் பச்சை அணைந்து சாம்பல் விளக்கு வரும். கீழே, கடைசியாகச் செய்தி வந்த நேரம். அவ்வளவுதான். அதைத்தான் இப்போது எடுக்கச் சொல்கிறார்கள். "ஃபைவ் ஜி பெட்டிக்கு அது எதுக்குங்க? பெட்டி கெட்டுப்போச்சுன்னு கஸ்டமர் பயப்படறாங்க" என்கிறார் மேலாளர். சாதிக் அண்ணன் இருந்தவரை அவர் கத்துவார், நான் பின்னால் நிற்பேன். இப்போது முன்னால் யாரும் இல்லை.

"எடுக்க மாட்டேனுங்க" என்று குழுவில் எழுதிவிட்டேன். நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை. அவரோடு வேலை செய்தவர்களே, அதன் கீழே கும்பிடும் கை போடாதீர்கள். ஒரு வார்த்தை எழுதுங்கள். திங்கட்கிழமை வேலை இருக்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள். இருக்கும் என்று சொல்லிச் சமாளிக்க வாய் வரைக்கும் வந்தது. தெரியாது என்றுதான் சொன்னேன். சாதிக் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.