உலகத்தில் ஒன்றே ஒன்று

சூடான அயன்பெட்டி ஈரத்துணியைத் தொடும்போது ஒரு வாசம் வரும், இல்லையா... ஆவியும் பருத்தியும் கலந்து? ஒரு வாரமாக அந்த வாசம் வந்தாலே எனக்கு முகம் சுடுகிறது.

போன சனிக்கிழமை ஜெர்மனியின் ஹம் நகரில் நண்பர் சிவம் வீட்டில் இருந்தேன். பழைய காசுத்தாள் பைத்தியம் எனக்குத்தான், அவருக்கு இல்லை. பழைய சாமான் சந்தையில் இரண்டு யூரோவுக்கு ஒரு படச்சட்டம் வாங்கியிருக்கிறார். படத்துக்குப் பின்னால் நாலாக மடித்த ஓர் ஐந்து டாலர்!

“அண்ணை, நீங்கள் சேர்க்கிற சாமான்தானே? என்ன பெறும் எண்டு பாருங்கோ.”

விரித்தேன். வங்கியின் பெயரை இரண்டு தடவை வாசித்தேன்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் சின்ன ஊர் வங்கிகள்கூடத் தங்கள் ஊர்ப் பெயரோடு டாலர் வெளியிட்டன. வங்கித் தலைவரும் காசாளரும் மையால் கையெழுத்துப் போடுவார்கள். ஊர் சிறிதாகச் சிறிதாக விலை பெரிதாகும். அயோவாவில் ஒரு சோளக்காட்டு ஊர்... அந்த வங்கியின் தாள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் என்கிறது சேகரிப்பாளர்களின் பட்டியல். அந்த ஒன்று என்னிடம். பதினொரு வருடம் அலைந்து பிடித்தது. மூலை கிழிந்தது.

இதுவும் அதே வங்கி. நாலு மூலையும் இருந்தன!

“என்ன அண்ணை, கள்ளத்தாளோ?”

“இல்லை... நல்ல தாள்.”

“மடிப்புத்தான் வடிவில்லை. ரதி, கோயில் சீலையோடை இதையும் ஒருக்கா அயன் பண்ணிவிடும்.”

ரதி அவர் மனைவி. மறுநாள் பக்கத்து ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போகச் சேலை தேய்த்துக்கொண்டிருந்தார். தாளை வாங்கி விரித்தார். என்னைப் பார்த்தார்.

சூடு பட்டால் அச்சின் புடைப்பு நசுங்கிவிடும். விலையில் பாதி பறந்துவிடும். இந்தச் சேகரிப்பில் இறங்குபவனுக்கு முதல் பாடமே அதுதான்.

நான் யன்னலைப் பார்த்தேன். எத்தனை பேரிடம் ‘உலகத்திலேயே என்னிடம் மட்டும்’ என்று அளந்திருக்கிறேன்! பொறாமை கத்தும் என்றா நினைக்கிறீர்கள்? அது வாயை மூடிக்கொண்டு, மரியாதையாகத் தேநீர் குடிக்கும்.

அயன்பெட்டி இறங்கியது.

“வேண்டாம்!” — என் குரல்தான்.

பிறகு எல்லாம் சொன்னேன். என்னுடையதைவிட அது மேலான தாள் என்பதையும்.

வாசலில் சிவம் என் கையை விடவில்லை. “நீங்கள் இருந்தபடியால் தப்பிச்சுது, அண்ணை!”

பின்னால் நின்ற ரதி சிரித்தார்.

“ஓம் அண்ணை... ஆனால் சொல்லத்தான் கனநேரம் எடுத்தனீங்கள்.”