முகர்ந்த மலர்

கடலோரச் செங்குத்துப் பாறைகளிலேயே அழிந்துவருகிற ஓர் அரிய காட்டுப்பூ, கடலே இல்லாத எங்கள் தொம்மலூரில் எதிர்வீட்டு மங்களத்தின் தொட்டியில் ஒன்றே ஒன்று மலர்ந்தது. தாவர ஆராய்ச்சி செய்யும் அவள் மகள் விதை கொடுத்திருந்தாளாம்.

"நாளைக்குப் பெருமாளுக்குத்தான் மாமி!" என்றாள் மங்களம்.

வாழ்நாளெல்லாம் பாசுரம் பாடிய எனக்கு வாய்க்காத பேறு அது. பொறாமை தாளாமல் குனிந்து, அவள் கண்ணெதிரே அப்பூவை முகர்ந்துவிட்டேன். முகர்ந்த மலர் பூசைக்கு ஆகாது.

அவள் முகம் வாடியது, பிறகு சிரித்தாள்.

"போகட்டும் மாமி. பறிக்காம விட்டா விதையாவது கட்டும். பொண்ணும் சந்தோஷப்படுவா."

விதை கட்டியது. அதில் பாதியை என் உள்ளங்கையில் வைத்து, "உங்களாலதான் பிழைச்சுது மாமி" என்றாள்.

பெருமாளே, இப்போது அவளுடைய அந்த மனத்தின்மீதும் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.