ஓரகத்தி கையில் மைக்

எனக்கு எழுபத்திரண்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். குடவாசல் பக்கம் எங்கள் ஊர்.

போன வருஷம் ஒரு கிராம சபையில் என் ஓரகத்தி சரோஜா மைக்கைப் பிடித்து, "நடவுக்குப் போறவங்க புள்ளைய எங்கங்க விடுறது? நம்ம தெருவுக்கு ஒரு பால்வாடி வேணுங்க" என்றாள். ஆண்கள்கூடக் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு, எனக்குப் பிறகு எங்கள் வீட்டில் காலடி வைத்தவள் அவள்.

"சம்மதிக்கிறவங்க கை தூக்குங்க" என்றார் தலைவர். நான் தூக்கவில்லை. என்னைப் பார்த்தே எதையும் செய்கிற எங்கள் தெருப் பெண்களும் தூக்கவில்லை. தீர்மானம் விழுந்துவிடும் போலிருந்தது. சரோஜாவின் முகம் சுண்டியது. எனக்கு இனித்தது.

பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலிருந்த என் மருமகள், "அத்தை, நாளைக்கு எனக்கு நடவு. இவன் இப்பத்தான் ஓட ஆரம்பிச்சிருக்கான். வாய்க்கால்ல தண்ணி நெறையப் போவுது. ஓடிப் புடிக்க உங்க முழங்கால் ஒத்துக்குமா?" என்று கேட்டாள்.

பேரனை ஒருதரம் பார்த்தேன். கையைத் தூக்கினேன். தெருவே தூக்கியது.

இப்போதெல்லாம் பேசுவது யாரென்று பார்ப்பதில்லை. மருமகளிடம் கேட்டுவிட்டுத்தான் சபைக்குப் போகிறேன். ஆனாலும் அடுத்த முறை மைக் எனக்குத்தான்.

எழுதி முடித்துப் பேத்தியைக் கூப்பிட்டேன். "இதப் படிச்சுக் காட்டுடி. உன் சின்னப்பாட்டிய ரொம்பப் புகழ்ந்திருந்தா, அந்த எடத்த மட்டும் அடிச்சுடு."