தேர்வாளருக்குக் கைதட்டிய வகுப்பு

ஒருத்தியே வீட்டில் அக்காவாகவும் பள்ளியில் டீச்சராகவும் அமைந்துவிடுவது, ஐந்தாம் வகுப்பில் படிக்கும் ஒருவனுக்கு நேரக்கூடிய இடர்களுள் முதன்மையானது. எனக்கு அது நேர்ந்தது. ஆசிரியப் பயிற்சியின் இறுதி ஆண்டில், பாடம் நடத்திப் பழகுவதற்காக மாணவிகளை ஊர்ப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். உத்தமபாளையத்துக்குத் தெற்கே ஆற்றோரம் இருந்த எங்கள் ஊர்ப் பள்ளியையே என் அக்கா கேட்டு வாங்கினாள். தலைமையாசிரியர் நெடுநேரம் சிந்தித்துவிட்டு அவளுக்கு என் வகுப்பைக் கொடுத்தார்.

“பள்ளிக்கூடத்து வாசப்படியத் தாண்டிட்டா அவக ஒனக்கு டீச்சரு. அங்கன போயி அக்கான்னு வாயத் தொறந்தேன்னு கேள்விப்பட்டேன், தோல உரிச்சிருவேன்” என்றார் அப்பா. வீட்டில் அவளை ‘ஏ கழுதை’ என்று அழைத்துக்கொண்டிருந்தவர், அன்று முதல் என்னிடம் பேசும்போது மட்டும் அவளுக்கு மரியாதைப் பன்மை கொடுக்கத் தொடங்கினார். பொங்கல் விடுமுறை முடிந்த நாளிலிருந்து என் வாழ்க்கையில் நீதிமன்றங்கள் இரண்டாயின. மற்றப் பையன்களின் குற்றங்கள் வகுப்போடு முடிந்தன. என் வழக்கு மட்டும் மாலையில் மேல்முறையீட்டுக்குச் சென்று, கூடுதல் தண்டனையோடு தீர்ந்தது.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. போடியில் ஏலக்காய் வணிகம் செய்த ஒரு குடும்பத்தார் அவளைப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். அப்பாவுக்கு அந்த இடத்தின்மீது விருப்பம். அக்காவுக்கு வகுப்பறையின்மீது விருப்பம். அம்மா நடுவில் நின்று ஓர் உடன்பாட்டை உண்டாக்கினாள். அதை அப்பா அக்காவை எதிரில் நிறுத்தி அறிவித்தார்.

“பரீட்சையில தேறிட்டா வேலைக்குப் போ. தேறலைன்னா வைகாசில தாலி. போடிக்காரக நமக்காக வருசக்கணக்காக் காத்துக் கெடக்க மாட்டாக, ஆத்தா.”

“சரிப்பா” என்றாள் அக்கா.

இந்த உடன்பாட்டில் எனக்கும் ஒரு தனிப்பட்ட நலன் இருந்தது. போடிக்காரர்கள் வந்தது ஒரு ஜீப்பில். மாப்பிள்ளையாக வரவிருந்தவர் என்னை முன்னிருக்கையில் ஏற்றி, ஹாரனை மூன்று முறை அழுத்த விட்டார். “கல்யாணம் முடியட்டும் மாப்ள, மலைக்கே கூட்டிட்டுப் போறேன்” என்றும் சொன்னார். அதுவரை எனக்குத் தெரிந்த ஊர்திகளில் மிக உயர்ந்தது அப்பாவின் சைக்கிள். அக்கா தேர்வில் தேறினால் ஜீப் வராது என்ற கணக்கை நான் ஒருவருடைய உதவியும் இன்றிப் போட்டு முடித்தேன்.

தேர்வு என்பது ஒரு பாடம். வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்க, அவர் முன்னிலையில் அவள் நடத்திக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு விதி உண்டு. பாடத்தின் தலைப்பை ஆசிரியர் தம் வாயால் சொல்லக்கூடாது. மூன்று கேள்விகள் கேட்டு, அதை மாணவர்கள் வாயிலிருந்தே வரவழைத்து, அதன் பிறகே கரும்பலகையில் எழுதவேண்டும். தலைப்பு வரவில்லையென்றால் பாடமே தேறாது என்று பயிற்சிப் பள்ளியில் அவர்களை அச்சுறுத்தி வைத்திருந்தார்கள். அக்காவுக்குக் கிடைத்த தலைப்பு ‘மழை’.

பத்து நாட்கள் எங்கள் வீட்டு முற்றத்தில் ஒத்திகை நடந்தது. நாற்பது மாணவர்களாகவும் நானே இருந்தேன். அறிவாளியாகவும் மந்தனாகவும் மாறி மாறி விடை சொல்லி, ஒவ்வொரு நாளும் ‘மழை’யில் கொண்டுபோய்ப் பாடத்தை நிறுத்தினேன். ஊதியம் ஒரு பிடி பொட்டுக்கடலை. வகுப்பில் மற்ற பிள்ளைகளுக்கு முன்னதாகவே சொல்லிக் கொடுக்கலாமே என்று அம்மா கேட்டபோது, “அது களவும்மா” என்று அக்கா மறுத்துவிட்டாள். எனக்குச் சொல்லிக் கொடுத்தது களவில் சேருமா என்பதை இருவரும் ஆராயவில்லை.

மார்ச் மாதத்தின் கடைசியில் தேர்வாளர் வந்தார். இராமநாதபுரத்துப் பக்கத்து மனிதர், மெலிந்தவர், குடையை மடக்காமலே வகுப்புக்குள் நுழையப் பார்த்து, நிலையில் இடித்துக்கொண்டார். கடைசி பெஞ்சில், எங்கள் வகுப்பிலேயே உயரமான பையனுக்கு அருகில் அமர்ந்தார். அக்கா வெளுத்த நீலச் சேலை கட்டியிருந்தாள். மேகமும் கடலும் தீட்டிய படத்தைச் சுருட்டி மேசைமேல் வைத்துவிட்டு, முதல் கேள்வியைக் கேட்டாள்.

“நம் வயல்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?”

“வாய்க்கால்ல இருந்து டீச்சர்.”

“வாய்க்காலுக்கு?”

“ஆத்துல இருந்து.”

“நன்று. ஆற்றுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?”

உலகத்தின் வேறெந்த வகுப்பிலும் இந்த இடத்தில் மழை வந்திருக்கும். கம்பம் பள்ளத்தாக்கில் வராது. இங்கே தண்ணீர் மலைக்கு அப்பால், கேரளத்துப் பக்கத்து அணையில் நிற்கிறது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக இறங்குகிறது. முதல் போகத்துக்கு நாள் குறித்துத் திறக்கிறார்கள். வானம் வெளுத்துக் கிடக்கும் நாளிலும் எங்கள் ஆற்றில் தண்ணீர் ஓடும். என்னைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே குரலில் விடை சொன்னார்கள்.

“சுரங்கத்துல இருந்து டீச்சர்.”

அவள் எழுதி வைத்த மூன்று கேள்விகளும் தீர்ந்திருந்தன.

“சுரங்கத்துக்குள் தண்ணீர் எப்படி வரும்?”

“ஷட்டரத் தொறந்தா வரும் டீச்சர்.”

“திறந்தால் மட்டும் போதுமா? தண்ணீரைத் தருவது எது?”

“எது இல்ல டீச்சர், யாரு. பெரிய இஞ்சினியரு” என்று திருத்தினான் என் பக்கத்துப் பையன். “பூப் போட்டுக் கும்புட்டுத் தொறப்பாக. எங்கய்யா பாத்திருக்காக.”

“இஞ்சினியரு வரலைன்னா கலெக்டரு” என்று மற்றொருவன் துணைவிடை கொடுத்தான்.

வகுப்பு மிகுந்த நிறைவோடு அமர்ந்திருந்தது. இத்தனை கேள்விகளுக்கு இத்தனை ஒற்றுமையோடு அது என்றுமே விடை சொன்னதில்லை. அக்காவின் மேலுதட்டில் வியர்வை அரும்பியிருந்ததை நான் முன்வரிசையிலிருந்து கண்டேன். அவள் பார்வை வரிசை வரிசையாக நகர்ந்து என்மேல் வந்து நின்றது. பத்து நாள் பொட்டுக்கடலை தின்ற வாய் என்னுடையது. சொல் நாக்கின் நுனியில் இருந்தது. ஜீப்பின் ஹாரனும் காதில் இருந்தது. நான் குனிந்து, பெஞ்சின் விளிம்பில் பெயர்ந்திருந்த ஒரு மரச் சிலாம்பை மிகுந்த ஆர்வத்தோடு ஆராயத் தொடங்கினேன். அவள் பார்வை சற்று நேரம் அங்கேயே இருந்துவிட்டு, அடுத்தவனிடம் போயிற்று.

“அணைக்குள் தண்ணீர் எப்படி வந்து சேர்ந்தது?” அவள் குரல் சற்றே இறங்கியிருந்தது.

“அது மலையாளத்துல டீச்சர். நமக்குத் தெரியாது.”

கடைசி பெஞ்சு கிறீச்சிட்டது. தேர்வாளர் எழுந்து நின்றிருந்தார்.

“ஏலே, மழைடா. மழை பெஞ்சாத்தானடா அணையே நெறையும். எங்க ஊர்ல மூணு வருசமா அண்ணாந்து பாத்து அண்ணாந்து பாத்துக் கழுத்து சுளுக்கிப் போச்சு. இங்கன இஞ்சினியரு குடுக்காராம்ல தண்ணி.”

அவர் சொல்லி முடித்த பிறகே தாம் எங்கிருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்ததாகத் தோன்றியது. நாங்கள் எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தோம். அக்கா மட்டும், சரியான விடை வந்ததும் நாள்தோறும் செய்வதைப் போலவே, முகம் மலர்ந்து நிமிர்ந்தாள்.

“மிகச் சரி. நன்றாகச் சொன்னார். எல்லாரும் கை தட்டுங்கள்.”

நாங்கள் மும்மூன்றாகத் தட்டும் எங்கள் வழக்கமான கைதட்டலைத் தட்டினோம். தேர்வாளர் மெல்ல உட்கார்ந்தார். உயரமான பையன் அவர் பக்கம் சாய்ந்து, “சார், நோட்டக் குடுத்தா நட்சத்திரம் போடுவாக” என்று பரிவோடு தெரிவித்தான். அக்கா திரும்பிக் கரும்பலகையில் ‘மழை’ என்று எழுதினாள். எழுத்து கொஞ்சமும் கோணவில்லை. அதற்குப் பிறகு பாடம் கடலிலிருந்து மேகத்துக்கும் மேகத்திலிருந்து மலைக்கும் தடையின்றிச் சென்றது. அறிக்கையில் தேர்வாளர், ‘தலைப்பு வகுப்பிலிருந்தே வருவிக்கப்பட்டது’ என்று எழுதியிருந்ததாகத் தலைமையாசிரியர் பிற்பாடு அப்பாவிடம் சொன்னார். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

அக்கா தேறினாள். ஜீப் வரவில்லை. வேறொரு வீட்டு வாசலில் அது நிற்கிறது என்று பங்குனி முடிவதற்குள் கேள்விப்பட்டேன்.

ஏப்ரலில், ஆண்டின் கடைசி நாள், வகுப்பு அவளுக்குப் பிரிவு விழா எடுத்தது. டீச்சருக்கு என்ன கொடுப்பது என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் வந்ததால், மேசைமேல் பதினொரு சோப்புப் பெட்டிகள் சேர்ந்தன. திராட்சைத் தோட்டத்துப் பையன் ஒரு கூடைப் பழம் கொண்டுவந்து, அதில் பாதியை விழா தொடங்குமுன் தானே தின்று தீர்த்தான். அவள் வருகைப் பதிவேட்டைக் கடைசி முறையாக வாசித்தபோது, “உள்ளேன் டீச்சர்” என்று சொல்ல முடியாமல் பாதிப் பேர் விம்மினார்கள். தேர்வாளரைத் தேற்றிய அந்த உயரமான பையன் ஏங்கி ஏங்கி அழுது, வெளியே தண்ணீர் குடிக்க அனுப்பப்பட்டான். அழாதவன் நான் ஒருவனே. நாளை முதல் அவள் எனக்கு மட்டுமே உரியவள் என்றும், பதினொன்றில் இரண்டு பெட்டிகளேனும் எனக்கு வரும் என்றும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் ஒவ்வொருவர் நோட்டிலும் ஒரு வரி எழுதிக் கொடுத்தாள். ஒருவன் நன்றாகப் பாடுவான். ஒருத்தியின் கையெழுத்து முத்து. உயரமான பையன் பிறருக்கு உதவுகிறவன். என் நோட்டில், ‘இவனுக்குத் தெரியும். சொல்லப் பழகவேண்டும்’ என்றிருந்தது. அன்று மாலை நான் அதை வீட்டில் எல்லோருக்கும் காட்டினேன்.

“பாத்தியா, ஒனக்குத் தெரியும்னு டீச்சரு எழுதியிருக்காக” என்றார் அப்பா, மகிழ்ந்து. அக்கா அடுப்படியில் எங்களுக்கு முதுகு காட்டிக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆனி மாதம் வேலை உத்தரவு வந்தது. ஒரு தகரப் பெட்டியோடு வேறு மாவட்டத்துக்குப் பேருந்து ஏறினாள். அதன்பிறகு எங்கள் வீட்டுக்கு அவள் விடுமுறையில் மட்டுமே வந்தாள்.

கல்லூரியில் நான் விரிவுரையாளனாகச் சேர்ந்த முதல் வாரம், ஒரு கேள்வி கேட்டுவிட்டு வகுப்பைப் பார்த்தேன். தெரியாதவர்கள் என்னை வெறித்துப் பார்த்தார்கள். மூன்றாம் வரிசையில் ஒருவன் மட்டும் தலையைத் தாழ்த்தி மேசை விளிம்பை ஆராய்ந்தான். அவனுக்கு விடை தெரியும் என்பது மேடையிலிருந்து பகல்போல் தெரிந்தது. பெயர் சொல்லி எழுப்பினேன். எழுந்து சரியாகச் சொன்னான். ஒரு நொடி வேலை.

அக்காவின் வாயில் என் பெயர் இருந்தது. எழுப்பியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். அப்பா மிரட்டியிருந்த பிறகு, டீச்சர் கேட்டால் சொல்லாமலிருக்க எனக்கு வழியில்லை. தன் வாழ்நாள் முழுவதும் அந்த ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் என்னைப் பார்த்தாள்; எழுப்பவில்லை. ஏன் என்று அவளிடம் கேட்க எனக்கு நாற்பது ஆண்டுகள் இருந்தன. இந்தத் தை மாதம் அவள் இறந்ததோடு அவை முடிந்தன. முன்வரிசையில் குனிந்திருந்த சிறுவனோ, தன்னை ஒருவரும் கவனிக்கவில்லை என்று நம்பி, அன்று மிகவும் ஆறுதல் அடைந்தான்.