காளையை அப்பால் ஓட்டச் சொன்னவர்

என் கரு கலைந்தது நான் மலைப்படி ஏறியதாலா, காய்ச்சாத பாலாலா? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை.

கே.ஜி.கண்டிகையில் எங்கள் பொலிகாளையைச் சோதிக்க ஒரு மாட்டு டாக்டர் வந்தார். ஒல்லியானவர், வலது கைச் சட்டையை மட்டும் தோள்வரை சுருட்டியிருப்பார். காளையோடு சேர்ந்த பசுக்கள் குறைமாதத்தில் கன்று வீசிக்கொண்டிருந்தன. டாக்டர் காளையின் விதைப்பைகளைத் தடவிப் பார்த்து, ரத்தம் எடுத்துப்போனார். மறுவாரம் வந்ததும் காளையை அப்பால் ஓட்டச் சொன்னார். எந்தக் காளையின் சோதனை முடிவையும் அதன் எதிரில் சொல்லமாட்டாராம்.

"வெக்கம் காளைக்கா டாக்டரே, உங்களுக்கா?" என்று மாமியார் கேட்டார்.

"எனக்குத்தாம்மா. இனிமே இத்த பசுங்க கிட்ட விடாதீங்க. கன்னுவீச்சு நோவு."

மாமியார் தொழுவத்துப் பக்கம் போனதும், டாக்டர் கை கழுவ நான் தண்ணீர் ஊற்றினேன். என் இடுப்பிலிருந்த மகனைப் பார்த்து, "கொழந்தைக்குப் பால காய்ச்சித்தான தர்றீங்க?" என்றார்.

"ஆங், இவனுக்குக் காய்ச்சித்தாங்க. நான் அடுத்து மாசமா இருந்தப்போ அத்தை கறந்த சூட்டோடவே எனக்குக் குடுத்துகினு இருந்தாங்க. அது தங்கல."

சோப்பு நுரையோடு அவர் கை நின்றது. "இந்த நோவு காய்ச்சாத பால் வழியா மனுஷங்களுக்கும் வரும். அதனாலயும் இருக்கலாம்மா. உறுதியா சொல்ல முடியாது."

கிருத்திகைக்குத் திருத்தணி மலை ஏறியதால்தான் போயிற்று என்று மாமியார் இன்றும் சொல்கிறார். அந்தப் பாலை எனக்கென்று ஆசையாகக் கறந்தவரும் அவர்தான்.

டாக்டர் காளையை அனுப்பிவிட்டுச் சொன்னார். பாலாலும் இருக்கலாம் என்பதை நான் அத்தையின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். சொல்லட்டுமா? படிப்பவர்கள்தான் யோசனை சொல்லவேண்டும்.