படம் ஒன்று சொன்னது, ஊசி ஒன்று சொன்னது

நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதனை செய்யும் அந்தப் பெண்ணை டிரைவர்களும் கண்டக்டர்களும் செக்கரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். படிக்கட்டில் அவள் தலை தெரிந்தாலே போதும், ஒழுங்காக டிக்கெட் எடுத்தவர்கள்கூட ஒருமுறை பையைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். நேற்றைய டிக்கெட், அடுத்த வீட்டுக்காரரின் பாஸ், தருணம் பார்த்து வரும் மயக்கம் எல்லாவற்றையும் பார்த்துப் பழகிய கண்கள் அவை. அந்தச் சந்தேகம் வேலை முடிந்தாலும் அவளோடு வீட்டுக்கு வந்துவிடும். கணவர் "சாப்பிட்டாச்சு" என்றால் கையை நீட்டச் சொல்லி மோந்து பார்ப்பாள். பள்ளி வேன் ஓட்டும் அந்த மனிதரும், "டிக்கெட் எடுத்துதாம்மா ஏறினேன்" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டுவார்.

பணிமனையில் பெண் ஊழியர்களுக்கு மார்பகப் பரிசோதனை நடந்தது. மற்றவர்களோடு அவளும் போய் எக்ஸ்ரே படம் எடுத்துக்கொண்டாள். அடுத்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து வரச் சொன்னார்கள். கிராப்பு வெட்டிய இளம் ஸ்கேன் டாக்டர், வெளிச்சத் திரையில் படத்தை மாட்டிக் காட்டினாள்.

"இடது பக்கம் பாருங்க. உப்பத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிங்க. இப்படி ஒரே இடத்துல கூட்டமா இருந்தா சந்தேகப்படணும். ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பாத்துடலாம்."

சந்தேகப்படுவது தன் வேலை என்றிருந்தவள், அந்தச் சொல்லைத் தன் உடம்பைப் பற்றி இன்னொருத்தி சொல்லக் கேட்டதும் திரைக்குப் பக்கத்தில் போய்ப் புள்ளிகளை எண்ணப் பார்த்தாள். ஊசிக்கு உடன்பட்டாள். கூடவே, இந்தச் சின்னப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்றும் நினைத்துக்கொண்டாள்.

சதைப் பரிசோதனை முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை.

அதைப் பேருந்து நிறுத்தத்தில் நின்றபடியே படித்தாள். அன்று டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட ஒரு குண்டு மனிதரை, "அடுத்த தடவ எடுத்துக்கோங்க" என்று விட்டுவிட்டாள். கண்டக்டர் அவளுக்குக் காய்ச்சலா என்று கேட்டார்.

மறுநாளே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ஸ்கேன் டாக்டர் திரும்பப் பார்க்க வேண்டும் என்கிறாராம். இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு எதற்குக் கூப்பிடுகிறார்கள்? காசு கட்ட வந்த ஆளை விட்டுவிட மனசில்லை போலிருக்கிறது என்று முடிவுகட்டினாள். அதன் பிறகு அந்த எண்ணிலிருந்து வந்த அழைப்பை அவள் எடுக்கவே இல்லை.

இரண்டு வாரம் போனதும் வீட்டிலும் ஏதோ சரியில்லை என்று பட்டது. மருந்துக்கடையில் வேலை செய்யும் தங்கை, வழக்கமில்லாமல் வார நடுவில் வந்து நின்றாள். செக்கரம்மா துணி மடிக்கப் போன நேரம் பார்த்து, அடுக்களையில் அவளும் கணவரும் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். "நீங்களே சொல்லுங்க மாமா" என்பது மட்டும் காதில் விழுந்தது. மடித்த துணியை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கதவருகே போய் நின்றாள். பேருந்தில் செய்வதுதான்.

"என்ன சொல்லணும்?"

இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. கணவர் கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த டாக்டரம்மா எனக்குப் போன் பண்ணாங்க. நீ எடுக்க மாட்டேங்கறியாம்."

"எப்போ பண்ணாங்க?"

"போன வாரம்."

"ஒரு வாரமா மறைச்சு வச்சிருக்கீங்க. அப்போ எனக்கு இருக்குன்னு உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்."

"ஒண்ணும் தெரியாதுக்கா," என்றாள் தங்கை. "படமும் ஊசியும் ஒத்துப்போகலங்கறாங்க, அவ்வளவுதான். மாமா சொன்னா நீ நம்ப மாட்ட. அதான் என்னைக் கூப்பிட்டாரு."

"உன்னை மட்டும் நம்பிடுவேனா?"

தங்கையின் முகத்திலிருந்து எதையாவது பிடுங்க முடியுமா என்று செக்கரம்மா பார்த்தாள். அங்கே பயம்தான் இருந்தது, ஒளித்து வைத்த செய்தி எதுவும் தெரியவில்லை. அதையும் அவள் முழுதாக நம்பவில்லை.

ஆஸ்பத்திரிக்குச் சண்டை போடத்தான் போனாள். நாற்காலியில் உட்காராமலே கேட்டாள்.

"இல்லைன்னு எழுதினதும் நீங்கதான். வான்னு கூப்பிடறதும் நீங்கதான். எதை நம்பறது?"

"இப்போதைக்கு ரெண்டையும் நம்பாதீங்கம்மா," என்றாள் டாக்டர். "படம் மோசமா இருக்கு, சதை சுத்தமா இருக்கு. ஊசி இடம் தப்பிப் போயிருக்கலாம்."

"அப்போ உங்க தப்பு."

"ஆமா, இருக்கலாம். ஊசி போட்டது நான்தான்."

செக்கரம்மா டாக்டரை ஏற இறங்கப் பார்த்தாள். மாட்டிக்கொண்டவர்கள் டிக்கெட் காற்றில் பறந்தது என்பார்கள், கண்டக்டர் கொடுக்கவில்லை என்பார்கள். கேட்டவுடன் ஆமாம் என்று ஒத்துக்கொண்டவரை அவள் பார்த்ததே இல்லை. இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே, இதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று சந்தேகம் இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

அந்தச் சதையை வைத்த கண்ணாடித் தகடுகளைக் கேட்டாள். டாக்டர் மறுபேச்சில்லாமல் எழுதிக் கொடுத்தாள். தகடுகளையும் படத்தையும் வாங்கிக்கொண்டு, வீட்டில் மூச்சுவிடாமல், ஊரின் மறுகோடியிலிருந்த பெரிய பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். அங்கே ஒரு தந்திரம் செய்தாள். படத்தைக் கைப்பைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தகடுகளை மட்டும் நீட்டினாள். முன்னால் யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாவிட்டால்தானே உண்மையைச் சொல்வார்கள்?

நரைத்த தாடி டாக்டர் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். "நல்ல சதைதாம்மா. இதுல கேன்சர் இல்ல."

அவளுக்கு எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் அவர் கண்ணை எடுக்கவில்லை.

"எதுக்காக ஊசி போட்டாங்க? கட்டி இருந்துச்சா?"

"சும்மாதான்."

"சும்மா யாரும் ஊசி போட மாட்டாங்களே. படம் எடுத்திருப்பாங்க. எங்க அது?"

"இல்ல."

அவர் அவளையே பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் புதிதல்ல, தினமும் அவள் பிறரைப் பார்க்கிற பார்வைதான். கைப்பையைத் திறந்து படத்தை எடுத்துக் கொடுத்தாள்.

அவர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மறுபடி நுண்ணோக்கிக்குப் போனார். ஒவ்வொரு தகடாக மாற்றிக் கடைசியில் விளக்கை அணைத்தார்.

"படத்துல புள்ளிங்க இருக்கு. அது சுண்ணாம்புச் சத்து. அந்த இடத்துலதான் எடுத்தாங்கன்னா சதையிலயும் அது தெரியணும். இதுல ஒரு துளி இல்ல. இது பக்கத்து வீட்டுச் சதைம்மா. குற்றவாளிய விட்டுட்டு அடுத்த வீட்டுக்காரனை விசாரிச்சிருக்காங்க. திரும்ப எடுக்கச் சொல்லுங்க. தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்தவள் நேரே பேருந்து ஏறாமல் நடந்தாள். படத்தைச் சந்தேகித்தாள், டாக்டரைச் சந்தேகித்தாள், சொந்தத் தங்கையைச் சந்தேகித்தாள். புற்றுநோய் இல்லை என்ற அந்த ஒரு வரியை மட்டும் ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறாள். பிடித்த பதில் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் சொல்ல அவளால் முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தாள். "நாளைக்கு வேனுக்கு வேற ஆள் போட்டுடறேன்," என்றார் அவர்.

இரண்டாவது தடவை ஊசி போட்டதும் அதே ஸ்கேன் டாக்டர்தான். வேறு ஆளிடம் போகலாம் என்று தங்கை சொன்னதற்கு, "தப்ப ஒத்துக்கிட்டவ, இந்தத் தடவ கவனமா இருப்பா," என்றாள் செக்கரம்மா. இருந்தாலும் சும்மா விடவில்லை.

"எடுத்தத என் கண்ணுல காட்டணும்."

டாக்டர் சதைத் துண்டுகளை அங்கேயே படம் பிடித்துத் திரையைத் திருப்பினாள். புழுப் போன்ற மெல்லிய துண்டுகளுக்குள் வெள்ளைப் பொடி தெளிவாகத் தெரிந்தது. செக்கரம்மா பழைய படத்தையும் பக்கத்தில் வைக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கையில் சாய்ந்தாள்.

இந்த முறை முடிவு வேறாக இருந்தது. புற்றுநோய்தான். பால்குழாய்களுக்குள்ளேயே அடங்கி, வெளியே பரவாத நிலையில் இருந்தது. தங்கை அழுதாள். கணவர் வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். செக்கரம்மாவுக்கு அழுகை வரவில்லை. பல வாரமாக யாரோ தன் முதுகுக்குப் பின்னால் நிற்பது போலிருந்தது, இப்போது திரும்பி முகத்தைப் பார்த்தாயிற்று என்றிருந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினாள்.

அறுவைச் சிகிச்சை நடந்தது. எடுத்த சதையின் ஓரங்களில் நோய் இல்லை, முழுதாக வெட்டி எடுத்தாயிற்று என்று முடிவு வந்தது. தங்கை அதைப் படித்துவிட்டு அக்காவைக் கட்டிக்கொள்ள வந்தாள். செக்கரம்மா அவளை விலக்கிவிட்டு ஸ்கேன் டாக்டரின் அறைக்குப் போனாள்.

"முடிவு நல்லா வந்திருக்கும்மா," என்றாள் டாக்டர்.

"நல்லாத்தான் இருக்கு. படத்தோட ஒத்துப்போகுதா, அதச் சொல்லுங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. எல்லாப் படங்களையும் வரிசையாக மாட்டி, முடிவை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். செக்கரம்மா படத்தைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒரு தசை அசைகிறதா என்று.

"ஒத்துப்போகுது," என்றாள் டாக்டர்.

"எல்லாப் புள்ளியும் போயிடுச்சா?"

"எடுத்த சதையப் படம் பிடிச்சப்போ எல்லாம் உள்ளதான் இருந்துச்சு. இன்னொரு படம் எடுத்து நிச்சயம் பண்ணிடுவோம். அப்புறம் கதிர்வீச்சு சிகிச்சை."

"எடுங்க. பழைய படத்தையும் பக்கத்துல வச்சு நானும் பாக்கறேன்," என்று சொல்லிவிட்டு, அந்த அறையில் முதல்முறையாக நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள் செக்கரம்மா.