இடி அண்ணனின் விசைப்பலகை

ஆகஸ்ட் பதினேழு, ஞாயிற்றுக்கிழமை. காலையில் தூறல். மதியத்திற்குமேல் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

நம்பினால் நம்புங்கள், இது என் தங்கைக்கு நிகழ்ந்தது. அவள் நிழலைக் கண்டு நடுங்குபவள் அல்லள். ஒரு மருத்துவமனையின் கணினிச் சர்வரைக் கட்டி மேய்ப்பவள்.

அன்று அவளுக்கு இரண்டு வேலைகள். சர்வருக்குள் நுழையும் கடவுச்சொல் முறையை நிறுத்தி, சர்வரில் வைத்த ஒரு கோப்பே சாவியாகும் சாவிக் கோப்பு முறையை மட்டும் வைக்க வேண்டும். பிறகு, முந்தின மாதம் மாரடைப்பால் மறைந்த இடி அண்ணனின் கணக்கை நீக்க வேண்டும்.

பக்கத்து மேசைக்காரர் அவர். விசைப்பலகையை இடி இடிப்பதுபோல் தட்டுவார், ஆகையால் அப்பெயர். இயந்திர அறையில் சர்வரோடு இணைந்திருந்ததும் அவருடைய சொந்த விசைப்பலகையே. அவருக்குப் பின் அதை அவர் மனைவியான அண்ணி வீட்டுக்கு எடுத்துச் சென்றுவிட்டார்.

"மாத்தினதும் பழைய விண்டோவை மூடிடாத, தாயே. புதுசா ஒண்ணு திறந்து, உள்ள போக முடியுதான்னு பாரு. இல்லேன்னா சாவிய உள்ள வெச்சுட்டு வீட்டப் பூட்டினவ கதைதான்!" என்று எப்போதும் கேலி செய்வார்.

அன்று அவள் மனம் அவரிடமே இருந்தது. மாற்றத்தைச் சேமித்தாள். பழைய சாளரத்தை மூடினாள். அதன் பிறகே சோதித்தாள்.

அனுமதி மறுக்கப்பட்டது.

சாவிக் கோப்பைச் சர்வரில் வைக்கவே மறந்திருந்தாள்! வேலைக்காக, மருந்துப் பட்டியலைக் காட்டும் நிரலையும் நிறுத்தியிருந்தாள். ஆறு மணிக்குள் அதை ஓடவிடாவிட்டால், எந்த நோயாளிக்கு எந்த மருந்து என்பதே செவிலியருக்குத் தெரியாது.

இனி இயந்திர அறைக்குள் போய், சர்வரில் நேரடியாகத்தான் நுழைய முடியும். காவலரை அழைத்தாள்.

"இயந்திர அறைச் சாவி வேணும், ஐயா."

"சாவி பெரியவர் கையில. பெரியவர் மச்சான் கல்யாணத்துல. நாளைக்குத்தாம்மா."

"உள்ள யாராவது இருக்காங்களா?"

"பூட்டின ரூம்ல யாரும்மா? எலி கூட லீவு."

மணி 3.48. மழை நின்றிருந்தது.

டக்... டக்டக்... டக்...

கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து வந்தது. இயந்திர அறைக்குள் எவரும் இல்லை. விசைப்பலகை இருந்த பலகை வெறுமையாகக் கிடந்தது.

மீண்டும் சோதித்தாள்.

இம்முறை சர்வர் கடவுச்சொல்லைக் கேட்டது.

அந்த முறையை அவள்தானே நிறுத்தினாள்...?

நுழைந்தாள். முதலில் மருந்துப் பட்டியலை ஓடவிட்டாள். பிறகு, உள்ளே யார் யார் என்று பார்த்தாள்.

இருவர். ஒருத்தி அவள்.

மற்றவர் இடி அண்ணன். நுழைந்த இடம்: சர்வரோடு இணைந்த விசைப்பலகை.

"அண்ணே...?"

சத்தம் நின்றது.

பிறகு, ஒரே ஒரு... டக்.

சாவிக் கோப்பை வைத்தாள். புதிய சாளரத்தில் சோதித்தாள். திறந்தது. பழையதை மூடவில்லை. கடவுச்சொல்லை நிறுத்தினாள்.

ஒரே வேலை மீதம்.

டக்டக்டக்டக்...

கண்ணீரோடு அவர் கணக்கை நீக்கினாள். மணி 4.12.

நிசப்தம்.

சற்று நேரத்தில் கைப்பேசி ஒலித்தது. அண்ணி.

"தங்கச்சி, பைத்தியம்னு நெனைக்காத. உங்க அண்ணன் கீபோர்ட பீரோவுல பூட்டி வெச்சிருந்தேன். இன்னைக்கு உள்ளேர்ந்து தட்டுற சத்தம்... அவர் தட்டுற மாதிரியே."

கைப்பேசியைக் காதோடு அழுத்தினாள்.

"எப்ப நின்னுச்சு, அண்ணி?"

"கடிகாரத்தப் பார்த்தேன்மா. சரியா நாலு பன்னெண்டு."